இரண்டு வாசலுக்கு நடுவில் ஒரு சந்து

அன்புக்கரசிக்கு ஒரு பழக்கம் உண்டு. செஞ்சி பஜாரில் ஜெயமாலா வைத்திருக்கும் தையல் கடையில்தான் அவளுக்கு வேலை. காலையில் வந்ததும் மற்றவர்களைப் போல நேரே உள்ளே போய் மிஷினில் உட்கார மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே நிற்பாள். உள்ளே இருப்பவர்கள் யாராவது நிமிர்ந்து பார்த்து, வா என்று ஒரு சொல் சொன்னால்தான் காலை எடுத்து உள்ளே வைப்பாள். யாரும் பார்க்கவில்லையா, நிற்பாள். மலைப்பாறையெல்லாம் சூடேறி அந்த அனல் பஜாருக்குள் இறங்குகிற சித்திரையிலும் நிற்பாள்.

ஜெயமாலா முதலில் இதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். அவள் சமண வீட்டுப் பெண். பழைய நாளில் யார் யாரை எந்தப் படியோடு நிறுத்தினார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அந்த நினைப்பில்தான் நிற்கிறாளோ என்று கூச்சமாகப் போய்விட்டது. ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து, "இந்தக் கடையில அந்தக் கதையெல்லாம் கிடையாது, அன்பு. நீ பாட்டுக்கு வா, நீ பாட்டுக்குப் போ" என்றாள். அன்புக்கரசி சிரித்துக்கொண்டு, அதெல்லாம் இல்லக்கா என்றாள்.

அவள் சொன்னது நிஜம். பெற்ற தாய் வீட்டுக்குப் போனாலும் அவள் அப்படித்தான். தொண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்து போவாள். கதவு திறந்தே கிடக்கும். உள்ளே போக என்ன? போகமாட்டாள். அம்மா ரஞ்சிதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி அங்கியே நிக்கற, உனக்குப் பத்திரிகை வைக்கணுமா" என்று கேலி பேசிய பிறகுதான் உள்ளே வருவாள். இத்தனை வருஷமும் அது கேலியாகவே போயிற்று. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிற்பது மட்டும்தான் என்றால் பரவாயில்லை. அவள் புருஷன் இளவழகன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போவான். போன் அடித்து எடுக்கவில்லை என்றால் இவளுக்குக் கை தைக்காது. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு இவள் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், யாராவது தன் பேரைச் சொல்லி இலையைக் காட்டட்டும் என்று. மகள் கயல்விழி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு, அவள் வருகிற பாதையை வெறித்துக்கொண்டே இருப்பாள். டென்ஷன் பார்ட்டி என்று இளவழகன் பேர் வைத்திருந்தான். அவனும் கேலிதான்.

கயல்விழிக்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே அடங்கிப்போனது. ஒன்று பிறந்து, கண்ணை விழித்து எல்லோரையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருமுன்னே போய்விட்டது. அதற்கப்புறம் இப்போதுதான் ஒரு மகன் பிறந்தான். இளவழகன் ஆஸ்பத்திரியிலேயே செந்தமிழன் என்று பேரைச் சொல்லிவிட்டான். அன்புக்கரசிக்கு அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிடக்கூடப் பயம். தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வரும். விரலை எடுத்ததும், வந்ததா என்று மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

மாமியார் மீனம்பாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைப் பொல்லாத மாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இரண்டு பிள்ளைகள் போனபோது, மருமகளைக் குறை சொல்ல வந்த சொந்தக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள்தான். அவளுக்கும் வயிற்றில் நெருப்பு. தீட்டுக் கழித்த மறுநாள், அவள் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அது புது வழக்கம் இல்லை. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை, நிறைய பெற்று எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருக்கிற ஒருத்திக்கு விற்றுவிடுவார்கள். முறத்தில் கிடத்தி வாசற்படிக்கு வெளியே வைப்பார்கள். பெற்றவள் படிக்கு உள்ளே நின்று, இது என் பிள்ளை இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குகிறவள் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு, என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். பேரும் குப்பன் என்றோ பிச்சை என்றோ வைப்பார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வருகிறது எதுவோ, அது வந்து பார்த்துவிட்டு, இது வேண்டாமென்று தூக்கிப் போட்ட பிள்ளை, இதனால் யார் அழப்போகிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அப்படி ஒரு கணக்கு.

வேறு மருமகளாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். அன்புக்கரசியால் ஆட்ட முடியவில்லை. ஏனென்றால் அவளே அப்படி விற்ற பிள்ளை.

அன்புக்கரசி என்பது அவளைப் பெற்ற நைனா ஆசையாக வைத்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர். தொண்டூரில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தவுடு என்றால்தான் தெரியும். அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் போய்விட, ரஞ்சிதம் இவளைப் பக்கத்து வீட்டுத் தனகோட்டிக்கு விற்றாள். தனகோட்டி வீடு நிறைய பிள்ளைகள். விற்றதோ வாங்கியதோ அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது, அவள் முறத்தில் கிடந்த சிசு. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு.

ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கிற வயசு. பால் சொம்பைத் தட்டிவிட்டாள். ரஞ்சிதத்துக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ, முதுகில் ஒன்று வைத்து, "நீ என் புள்ளயே இல்லடி. உன்னை வாங்கினவகிட்டயே போ" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிள்ளை அதை நம்பிவிட்டது. ஊரே தவுடு தவுடு என்று கூப்பிடுகிறதே, நம்பாமல் என்ன செய்யும். நேரே தனகோட்டி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றது. தனகோட்டி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, "நான்தான் அன்னிக்கே உன்னைத் திருப்பிக் குடுத்துட்டேனே, இங்க ஏது எடம்? உங்க ஆத்தாகிட்டயே போ" என்று விளையாட்டாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளை அதற்குள் போய் நின்றுகொண்டது. அங்கிருந்து பார்த்தால் இந்த வாசலும் தெரியும், அந்த வாசலும் தெரியும். எந்த வாசலில் இருந்து கூப்பிட்டாலும் ஓடிவிடலாம் என்று நின்றது. ரஞ்சிதம் கோபம் ஆறிய பிறகு, தனகோட்டி வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று விட்டுவிட்டாள். தனகோட்டி, பிள்ளை ஆத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மழை வந்தது. மழையிலும் நின்றது. பொழுது சாய நைனா வந்து கேட்ட பிறகுதான் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேடிப் பிடித்தபோது விறகின் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதுவும் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. அவள் கல்யாணப் பந்தலில்கூட ரஞ்சிதம் அதைச் சொல்லிச் சம்பந்தி வீட்டைச் சிரிக்க வைத்தாள். அன்புக்கரசியும் சிரித்தாள். எல்லோரையும் விட அதிகமாகவே சிரித்தாள்.

இப்போது அதே முறம், அதே சொல், இவள் வாயில் இருந்து வரவேண்டும். முடியாது என்று சொல்லலாம் என்றால் அதற்கும் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. அதைச் செய்யாமல் விட்டு நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? தான் உயிரோடு நிற்பதே அந்த ஒரு பிடித் தவிட்டால்தானோ என்னவோ. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். இளவழகனைக் கேட்டாள். ஒரு சடங்குதானே, கெழவி மனசு நிம்மதியாவட்டும், விடு என்றான். விட்டாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தையைப் பார்க்க ஜெயமாலா ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மீனம்பாள் ரைஸ்மில்லில் சொல்லிவைத்து வாங்கி வந்த தவிட்டை மஞ்சள் பையோடு அடுப்படி ஆணியில் மாட்டிக்கொண்டே, விஷயத்தைப் பெருமையாகச் சொன்னாள்.  மீனம்பாள் காபி போடப் போனதும், ஜெயமாலா அன்புக்கரசி பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உன்னை யாராவது எப்பவாவது வாசல்லயே நிக்க வச்சிட்டாங்களா, அன்பு?"

அன்புக்கரசி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாயில் இருந்து சந்து வந்தது, விறகு வந்தது, மழை வந்தது. விறகின் ஈர வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது என்று அவள் சொன்னபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெயமாலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷமாகப் படியில் நின்றவளுக்கு, தான் எந்த வாசலில் நின்றுகொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கயல்விழி கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. காபியோடு வந்த மீனம்பாளிடம் அவள் கேட்டாள்.

"ஆயா, என்னையும் வித்தீங்களா?"

"உன்னையா?" மீனம்பாளுக்குப் பேத்தி என்றால் உயிர், அவள் பேச்சே அப்படித்தான். "உன் வாய்க்கு எவ வாங்குவா? சும்மா தரேன்னேன், அதுக்கும் வேணாம்னுட்டாங்க."

கயல்விழி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்புக்கரசி பார்த்தாள். வாய் சிரிக்கிறது, கண் ஒவ்வொரு முகமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அது எந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் தான் சிரித்த சிரிப்பு.

அதோடு போயிருக்கும் என்று இருந்தாள். போகவில்லை. இரண்டொரு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடும் நேரம் தாண்டியும் பிள்ளையைக் காணோமே என்று பதறி எழுந்து போனால், கயல்விழி வாசற்படிக்கு வெளியே புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தாய் என்று கேட்டதற்கு, அப்பவே என்றது. ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டதற்கு, தோளைக் குலுக்கியது. மறுநாளும் நின்றது. அன்புக்கரசி, வா கண்ணு வா என்று அள்ளிக்கொண்டு போனாள்.  தனக்குள் இருந்த ஒன்று தன்னைத் தாண்டிப் பிள்ளையின் காலில் போய் ஏறிக்கொண்டதே, அதை எப்படி இறக்குவது? மாமியாரிடம் சொல்லலாம் என்று போவாள். ஆணியில் தொங்கும் மஞ்சள் பையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

குறித்த நாள் வந்தது. தொண்டூரில் இருந்து காலை பஸ்ஸில் ரஞ்சிதமும் தனகோட்டியும் வந்து இறங்கினார்கள். ராசியான கை என்று மீனம்பாள்தான் தனகோட்டியை வரச் சொல்லியிருந்தாள். தவுடு உசுரு நின்றது அந்தக் கையால்தானே. குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். இளவழகன் டிபன் வாங்கக் கிளம்பினான். மீனம்பாள் அடுத்த தெருவில் புது முறம் வாங்கி வந்தாள். அன்புக்கரசி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். மனத்துக்குள்ளேயே வரவில்லை.

நல்ல நேரம் வந்துவிட்டது என்று மீனம்பாள் தவிட்டை எடுக்கப் போனாள். ஆணி மட்டும் இருந்தது. பை இல்லை.

யார் எடுத்தது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அன்புக்கரசி கேட்டாள். "கயலு எங்க?"

நைனாகூட வண்டியில போயிருப்பா என்றாள் மீனம்பாள். உங்களோட முறம் வாங்கப் போனாளோன்னு இல்ல நான் நெனச்சேன் என்றாள் ரஞ்சிதம். அன்புக்கரசி போனை எடுத்து அடித்தாள். இளவழகன் எடுத்தான். என்கூட வரலியே, ஆயாங்ககூடத்தானே இருந்தா என்றான்.

 அதே தப்பு. பிள்ளை அங்கே இருக்கும் என்று இவளும், இங்கே இருக்கும் என்று அவளும். குழந்தையைத் தனகோட்டி கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

மீனம்பாள் மார்பில் அடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனாள். கோடையிலும் அங்கே பள்ளத்தில் தண்ணீர் கிடக்கும். ரஞ்சிதம் முழங்கால் வலியோடு கோயில் பக்கம் நடந்தாள். இளவழகன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான். அன்புக்கரசி தெருக்கோடி வரைக்கும் ஓடினாள். ரோட்டில் லாரி போகிறது, பஸ் போகிறது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள்.

நின்றபோதுதான் அவளுக்குத் தோன்றியது. வேண்டாமென்று நினைத்துக்கொண்ட பிள்ளை தூரமாகப் போகாது. போனால் யாராவது கூப்பிடுவது எப்படிக் காதில் விழும்? தேடுகிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? வாசல் தெரிகிற இடத்தில்தான் அது இருக்கும். இது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கால் அறிந்தது.

திரும்பி ஓடிவந்தாள். அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு சந்து இருக்கிறது. தண்ணீர்க் குழாய் போகும், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆள் பக்கவாட்டில்தான் போகமுடியும். எட்டிப் பார்த்தாள். அந்த நாற்காலிக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பையை மடியில் இடுக்கிக்கொண்டு கயல்விழி உட்கார்ந்திருந்தது. தலையெல்லாம் தவிடு.

அன்புக்கரசிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முதுகில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கை ஓங்கியே விட்டது. அந்தக் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, புடவை சுண்ணாம்பில் உரச உரச உள்ளே நகர்ந்து போய், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

 கயல்விழிதான் முதலில் கேட்டாள்.

"தவுடு இல்லன்னா தம்பிய வாங்க முடியாதுல்ல?"

"முடியாது."

"யம்மா." பிள்ளை பையின் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தது. "என்னை மட்டும் ஏன் யாருக்கும் வேணாம்?"

 ஆயா விளையாட்டுக்குச் சொன்னாள் என்று சொல்லலாம். அந்தப் பதில் எத்தனை தூரம் செல்லும் என்று அவளுக்குத் தெரியாதா. விளையாட்டு என்று அவளுக்கும்தான் சொன்னார்கள்.

"நான் குடுக்க மாட்டேன்னேன்" என்றாள். "எவ கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன். அதான் யாரும் வாங்கல."

கயல்விழி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யா நிஜமா என்று தேடிவிட்டு, தோளில் சாய்ந்துகொண்டாள். "நீயும் இதுமாரி சந்துலதான நின்ன?" என்றாள். ஆமாம் என்றாள் அன்புக்கரசி. மழை பேஞ்சுதா? பேஞ்சுது. அழுதியா? இல்ல, அழுதா அவங்க கூப்புடறது காதுல உழாதேன்னு அழல.

அதைச் சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண்ணில் கொட்ட ஆரம்பித்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பிள்ளை பயந்துபோய்த் தவிட்டுக் கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தது.

அதற்குள் போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். சந்துக்குள் பேச்சுக் குரல் கேட்டு ரஞ்சிதம் தலையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் சிரித்துவிட்டாள். "ஆத்தா மாரியே புள்ள. பாருங்க சம்பந்தி, இவளும் அன்னிக்கு இப்படித்தான் வெறகுமேல படுத்துத் தூங்கி..."

"சிரிக்காதம்மா."

ரஞ்சிதம் நிறுத்தினாள். மகள் அந்தக் குரலில் அவளிடம் பேசியதே இல்லை.

"நான் தூங்கல" என்றாள் அன்புக்கரசி, உட்கார்ந்த இடத்தில் இருந்தே. "அன்னிக்குப் பூரா முழிச்சிகினுதான் இருந்தேன். நீ கூப்புடுவ, நீ கூப்புடுவன்னு வாசலையே பாத்துகினு நின்னேன். கண்ணை மூடிகினது, நைனா வந்தப்பதான். அப்பதான் வந்த அழுகை தெரியக் கூடாதுன்னு."

ரஞ்சிதம் உடனே மடங்கிவிடுகிற ஆள் இல்லை. "அதுக்கு இப்ப இன்னா? உனக்கு முன்னாடி போனதையெல்லாம் இந்தக் கையாலதான் பொதைச்சேன். உன் உசுரு நிக்கணும்னுதான வித்தேன். நிக்கறியா இல்லியா?"

"நிக்கறேன். வித்ததை நான் கேக்கலம்மா. உசுருக்குப் பயந்து சொன்ன சொல்லு, சரி. அப்பறம் ஒரு சொம்புப் பாலுக்காக ஏன் மறுபடியும் அதையே எடுத்த?"

 ரஞ்சிதம் சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

பின்னால் குழந்தையோடு நின்ற தனகோட்டிதான் பேசினாள். "அவளை மட்டும் ஏன் கேக்கற, என்னையும் கேளு. வாங்கினவ நான். வாசல்ல வந்து நின்ன புள்ளைய உள்ள கூப்டு ஒருவேளை சோறு போட்டிருக்கணும். சிரிச்சிட்டுப் போயிட்டேன்." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "மீனம்பா, இந்தப் புள்ளைய நான் வாங்கல. அன்னிக்கு வாங்கினதுக்கே நான் இன்னும் ஒழுங்கா பண்ணல."

மீனம்பாளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் இருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. "ஆளாளுக்கு அழுவுங்க" என்றாள். "நாளைக்கு என் பேரனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? சொல்லுங்க, யாரு?"

யாராலும் சொல்ல முடியாது. அன்புக்கரசியும் அதைத்தான் இத்தனை நாளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது அத்த" என்றாள். "உங்களைவிட பயம். மூச்சு வருதான்னு வெரலை வச்சிப் பாத்துகினே கெடக்கறவ நான். ஆனா அந்தச் சொல்லு என் வாயில வராது. அவன் என் புள்ள. இவளும் என் புள்ள. அதைத்தான் என்னால சொல்ல முடியும்."

மீனம்பாள் சாக்கடை மூடியிருந்த கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அங்காளம்மனுக்கு முடி எடுக்கிறதாக வேண்டிக்கொள்கிறேன், அதையும் வேண்டாமென்று சொல்லிவிடாதே என்றாள். சொல்ல மாட்டேன் அத்த என்றாள் அன்புக்கரசி.

ரஞ்சிதம் இன்னும் சந்து வாயிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நுழையப் பார்த்தாள். அவள் உடம்புக்கும் முழங்காலுக்கும் அந்தச் சந்து இடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"உள்ள வாடி" என்றாள்.

அன்புக்கரசி எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தரம் கூப்புடு."

"ஊட்டுக்குள்ள வா." ரஞ்சிதத்தின் குரல் உடைந்தது. வழக்கமான அந்தப் பேர் அவள் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "உள்ள வா, அன்பு."

நைனா வைத்த பேரை அம்மா வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்புக்கரசி சுவரைப் பிடித்து எழுந்தாள். பக்கவாட்டிலேயே நகர்ந்து வெளியே வந்தாள். வந்து திரும்பிப் பார்த்தால் கயல்விழி நாற்காலிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது.

"நீ வரல?"

"என்னை யாரும் கூப்புடலியே" என்றது பிள்ளை.

ரஞ்சிதமும் தனகோட்டியும் ஒரே குரலாகக் கூப்பிட்டார்கள். பிள்ளை அசையவில்லை. அது மீனம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தது. மீனம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு, "கயலு, எஞ்சாமி, வாம்மா" என்றாள். "அந்தத் தவுட்டையும் எடுத்துகினு வா. மாட்டுக்காவது வைப்போம்."

பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அடுத்த வாரமே குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கரகரவென்றது. மீனம்பாள் வாயைத் திறக்காமல் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அன்புக்கரசிக்கு ஓடிப்போய் ரைஸ்மில்லில் ஒரு பிடித் தவிடு வாங்கி வந்துவிடலாமா என்றுகூட இருந்தது. போகவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். மருந்து கொடுத்தார்கள், சளி இறங்கியது. செந்தமிழா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. அதற்கும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

கயல்விழி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சிலநாள் நேரே உள்ளே ஓடி வருகிறாள். சிலநாள் படியில் நிற்கிறாள். நிற்கிற நாளில், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது இப்போது அந்த வீட்டுச் சட்டம். மீனம்பாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிடுகிறாள்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு அன்புக்கரசி மறுபடியும் வேலைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம் போலப் படியில் நின்றாள். ஜெயமாலா ஒரு ரவிக்கையின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் குண்டூசியைக் கவ்வியிருந்தாள். இவளைப் பார்த்துவிட்டாள். வா என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. குண்டூசியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

கடைசி ஊசியை எடுத்து வா என்று சொல்வதற்குள் அன்புக்கரசி பாதி தூரம் உள்ளே வந்துவிட்டாள். பாதி தூரம்தான். மீதிக்கு அந்த வா வேண்டியிருந்தது.